டேப்லெட்டில் வைஃபை அடிக்கடி 'கட்' ஆகிறதா? மரக்காணம் உப்புக்காற்று சொல்லித்தரும் பாடம்

கோடைக்காலத்தில் ஒரு மாலை. மரக்காணம் உப்பளம். காலையில் வாரிய உப்பு வரப்பில் வெள்ளையாகக் குவிந்து கிடக்கிறது. தெற்கே ஒரு கருமேகம் திரள்கிறது. மழை வருமா, வராதா? குவியலைத் தார்ப்பாய் போட்டு மூட இப்போதே ஆட்களைக் கூப்பிடணுமா, கொஞ்சம் பொறுக்கலாமா? கொட்டகையில் இருக்கும் டேப்லெட்டை எடுத்து வானிலை மையத்தின் ரேடார் படத்தைத் திறந்தால், நடுவில் ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. மேலே பார்த்தால் வைஃபை குறியைக் காணோம். அஞ்சு நிமிஷம் கழித்துத் தானாக வருகிறது. படம் திறப்பதற்குள் மறுபடியும் போய்விடுகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் 'வைஃபை வருது, போகுது' என்ற பிரச்சினை கற்பனை இல்லை. உப்பளக் கொட்டகை, பள்ளிக்கூடம், ஐடி ஊழியரின் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' மேசை என்று எங்கேயும் நடப்பது. 2024-ல் தமிழ்நாடு அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஏறக்குறைய 80 ஆயிரம் பேருக்குக் கைக்கணினி வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இன்றைக்கு டேப்லெட் என்பது வீட்டில் படம் பார்க்கும் பொருள் மட்டுமல்ல, வேலைக் கருவி. அது இணைப்பை விட்டால் வேலை நிற்கும்.

மரக்காணம் மாதிரியான கடலோரத்தில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி 3,000 ஏக்கருக்கும் மேல் விரிந்துகிடக்கும் உப்பளங்கள், சாதனங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் மாதிரி. ஈரம், உப்பு, வெயில், தகரக் கொட்டகை, தூரத்து டவர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. இங்கே தாக்குப்பிடிக்கும் டேப்லெட், உங்கள் அடுக்குமாடி வீட்டிலும் தாக்குப்பிடிக்கும்.

முதலில், தப்பு யார் மேல்?

பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை, டேப்லெட்டை 'ரீசெட்' செய்வது. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. இணைப்பு என்பது மூன்று பேர் கைகோத்து நிற்பது போல: டேப்லெட், ரவுட்டர், ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் இணைய லைன். யார் கையை விடுகிறார்கள் என்று தெரியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது.

அடுத்த முறை 'கட்' ஆகும்போது வைஃபை குறியைக் கவனியுங்கள்.

குறி முழுசாக மறைந்துபோனால், டேப்லெட்டுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான தொடர்புதான் அறுந்திருக்கிறது. குறி இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ஆச்சரியக்குறி, அல்லது 'இணைக்கப்பட்டது, இண்டர்நெட் இல்லை' என்று வந்தால், ரவுட்டர் வரைக்கும் பாதை சரி. அதற்கு அப்பால் லைனிலோ, முகவரி ஒதுக்கீட்டிலோ சிக்கல். குறி முழுசாக இருக்கிறது, மற்ற ஆப்கள் ஓடுகின்றன, ஒரே ஒரு ஆப் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால், அது வைஃபை பிரச்சினையே இல்லை. டேப்லெட்டின் தேதி, நேரம் தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் பலவும் திறக்காது என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

பிறகு இரண்டு சின்னச் சோதனை. ஒன்று, அதே நேரத்தில் அதே வைஃபையில் இருக்கும் ஒரு போனைப் பாருங்கள். போனிலும் போய்விட்டால் டேப்லெட் நிரபராதி. இரண்டு, டேப்லெட்டை வேறொரு வைஃபையில் போட்டு அரைமணி நேரம் ஓட்டுங்கள். அங்கேயும் அறுந்தால் சந்தேகம் டேப்லெட் மேல். இந்த இரண்டுக்கும் காசு செலவில்லை. தெரியாமல் புது ரவுட்டர் வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

ஹாட்ஸ்பாட் தரும் மயக்கம்

உப்பளத்தில் ரவுட்டர் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் சட்டைப் பையில். போன் ஹாட்ஸ்பாட்தான் அங்கே 'வைஃபை'. அதற்கென்றே மூன்று குணங்கள் உண்டு.

முதலாவது, யாரும் பயன்படுத்தவில்லை என்றால் ஹாட்ஸ்பாட்டைத் தானாக அணைத்துவிடும் வசதி பல ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. டேப்லெட் திரை அணைந்து சில நிமிஷம் கழித்துத் திறந்தால் இணைப்பு இருக்காது. ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் போய் அந்த ஒரு சுவிட்சை அணைத்தாலே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது, அழைப்பு. 4ஜி சிக்னல் பலவீனமான இடத்தில், சில போன்கள் அழைப்பு வந்ததும் பழைய 2ஜிக்கு இறங்கிவிடும். பேசி முடிக்கும் வரை டேட்டா நின்றுவிடும். 'போன் வந்தாலே நெட் போயிடுது' என்பவர்கள், போனில் வோல்ட்இ இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அலைவரிசை. ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் வேகம் அதிகம், தூரம் குறைவு. ஐபோனில் 'மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்பதை இயக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறும். ஆண்ட்ராய்டிலும் இதற்குத் தனித் தேர்வு உண்டு. கொட்டகைக்கும் வரப்புக்கும் நடுவே நடந்துகொண்டே வேலை பார்ப்பவருக்கு 2.4 தான் தோது.

தூரம், தகரம், தண்ணீர்

வைஃபை சிக்னலின் பலத்தை 'டிபிஎம்' என்ற அளவில் சொல்வார்கள். இது எப்போதும் மைனஸில் இருக்கும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் தாங்கும். மைனஸ் 80-ஐத் தொட்டால் இணைப்பு அறுவதும் ஒட்டுவதுமாக இருக்கும். இலவச வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் அளந்து பாருங்கள்.

சிக்னலுக்கு மூன்று எதிரிகள். உலோகம் அலையைத் திருப்பியடிக்கும். தகரக் கொட்டகைக்கு உள்ளே ரவுட்டரை வைத்துவிட்டு வெளியே சிக்னல் தேடுவது, பாத்திரத்தை மூடிவிட்டு வாசனை பிடிப்பது மாதிரி. தண்ணீர் அலையை உறிஞ்சும், உப்புத் தண்ணீர் இன்னும் அதிகமாக. மனித உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், டேப்லெட்டுக்கும் ரவுட்டருக்கும் நடுவே நாலு பேர் நின்றாலே 2.4 கிகாஹெர்ட்ஸில் வித்தியாசம் தெரியும். மூன்றாவது எதிரி நெரிசல். உரிமம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதால் ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாமே 2.4-ல் குவிகின்றன. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் என்று பார்த்தால் 1, 6, 11 என மூன்றே மூன்று.

இங்கே நம்மூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவிலிருந்து அண்ணனோ அத்தை மகனோ கொண்டுவந்து கொடுத்த டேப்லெட், ரவுட்டர் 12 அல்லது 13-ம் சேனலுக்குத் தாவினால் அந்த வைஃபையைக் கண்டுகொள்ளாமல் போகலாம். அங்கே விற்கும் சாதனங்கள் பலவும் 11-ம் சேனலோடு நிறுத்திக்கொள்பவை. மற்ற எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் திடீர்னு காணாமப் போகுது என்றால், ரவுட்டரில் சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 1, 6, 11-ல் ஒன்றாக நிலைநிறுத்துங்கள்.

டேப்லெட்டின் உடம்பே எதிரியாவதும் உண்டு. 2011 இறுதியில் வந்த ஆசுஸ் 'டிரான்ஸ்ஃபார்மர் பிரைம்' டேப்லெட்டுக்கு அழகான உலோக முதுகு. அதனாலேயே ஜிபிஎஸ் தடுமாறியது, வைஃபை பற்றியும் புகார்கள் குவிந்தன. கடைசியில் நிறுவனம் விவரப்பட்டியலில் இருந்தே ஜிபிஎஸ்ஸை எடுத்துவிட்டது. அடுத்து வந்த மாடலில் முதுகின் மேல்பகுதியில் அலை புகுந்து வர ஒரு பிளாஸ்டிக் பட்டை வைக்கப்பட்டது. உங்கள் டேப்லெட்டுக்கு உலோகத் தகடு பதித்த உறையோ, காந்த ஸ்டாண்டோ போட்டிருந்தால், ஒருநாள் கழற்றிவைத்துப் பாருங்கள்.

முகவரிச் சண்டை: 2010-ல் நடந்த கதை

சிக்னல் முழுசாக இருந்தும் இணைப்பு அறுவதற்குப் பெரிய காரணம் ஐபி முகவரி. ரவுட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு முகவரியை வாடகைக்குத் தருகிறது. இதற்கு டிஎச்சிபி என்று பெயர். வாடகைக் காலம் முடிந்ததும் சாதனம் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும்.

2010 ஏப்ரலில் முதல் ஐபேட் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் குழப்பம். சில ஐபேட்கள் வாடகைக் காலம் முடிந்த பிறகும் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருந்தன. அந்த முகவரி வேறு யாருக்காவது ஒதுக்கப்பட்டால் இருவருக்குமே தொல்லை. பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட ஐபேட்களைத் தன் நெட்வொர்க்கிலிருந்து தடுத்தது. சிக்னல் இருக்கிறது, ஆனாலும் இணைப்பு இல்லை என்ற நிலை எப்படி வரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இன்றைக்கு இதே சண்டை வேறு வடிவத்தில் நடக்கிறது. தனியுரிமைக்காக ஆண்ட்ராய்டு 10, ஐபேட்ஓஎஸ் 14 முதல் சாதனங்கள் தங்கள் அசல் அடையாள எண்ணான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் எண்ணைக் காட்டுகின்றன. வீட்டில் இது நல்லது. ஆனால் பதிவு செய்த சாதனங்களை மட்டும் அனுமதிக்கும் அலுவலக, பள்ளி வைஃபையில் எண் மாறினால் கதவு சாத்தப்படும். அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் 'பிரைவேட் அட்ரஸ்' அல்லது 'ரேண்டமைஸ்டு மேக்' தேர்வை அணைத்துவிட்டு, அசல் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. வைஃபை பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுத்து, கடவுச்சொல்லைப் புதிதாகப் போடுங்கள். பழைய முகவரி போய்ப் புதியது வரும். பழைய டேப்லெட்டாக இருந்தால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையையும் பாருங்கள். டபிள்யூபிஏ3 கலந்த முறையில் சில பழைய சாதனங்கள் திணறும். டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றினால் நிலையாக நிற்கும்.

தூங்கும்போது கை நழுவுகிறதா?

திரை அணைந்ததும் இணைப்பு போய், திறந்ததும் வருகிறது என்றால், அது பேட்டரி சிக்கனம். பகலில் சார்ஜ் போட இடமில்லாத உப்பளத்தில் பேட்டரி சேவரை இயக்கி வைப்பது வழக்கம். ஆனால் அந்தச் சிக்கனம் பின்னணியில் ஓடும் ஆப்களின் இணைப்பை முதலில் வெட்டும். மழை எச்சரிக்கை தரும் ஆப், வாட்ஸ்அப் இரண்டையும் பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவையுங்கள். 'சிக்னல் குறைந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறு' என்ற 'இன்டெலிஜென்ட் வைஃபை' வகைத் தேர்வுகளையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். சிம் இல்லாத டேப்லெட்டுக்கு அதனால் லாபம் எதுவும் இல்லை.

உப்பு உள்ளே போனால் என்ன ஆகும்?

இனி மரக்காணத்துக்கே உரிய வில்லன். சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்து நீராகக் கரையும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி கசிவது இதனால்தான். உப்பளத்தில் இதைவிடப் பொல்லாத ஒன்று உண்டு. உப்பு படிந்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு அதிகம். அது ஏறக்குறைய 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். கடலோரத்தில் அவ்வளவு வறண்ட நாள் அபூர்வம். அதாவது, இந்தப் படலம் ஒருமுறை ஒட்டினால் காய்வதே இல்லை.

ஈரமான உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். டேப்லெட்டுக்குள் ஆன்டெனா பெரும்பாலும் சின்னஞ்சிறு உலோகத் தொடுமுனைகள் வழியாகத்தான் போர்டோடு சேர்ந்திருக்கும். அவை அரித்தால் சிக்னல் படிப்படியாகக் குறையும். அறிகுறிகள்: சார்ஜ் ஏறுவது மெதுவாகும், கேபிளை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் ஏறும், டேப்லெட்டின் ஒரு மூலையை அழுத்தினால் வைஃபை வலுவாகும், ரவுட்டருக்கு அருகிலேயே ஒன்றிரண்டு கோடு மட்டும் தெரியும். இவற்றில் இரண்டு ஒத்துப்போனால் செட்டிங்கை நோண்டுவதில் பயனில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

'என்னோடது வாட்டர் ப்ரூஃப், ஐபி68' என்று தைரியமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். உப்புத் தண்ணீருக்கு அந்த எண் உத்தரவாதம் இல்லை. தவறி விழுந்தால் உடனே அணைத்து, நல்ல தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறம் துடைத்து, உலரவைத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். அரிசி உப்பை எடுக்காது. அதன் தூசி துளைகளுக்குள் போய்ச் சேர்வதுதான் மிச்சம்.

தினமும் வேலை முடிந்ததும் மென்மையான, காய்ந்த பிரஷ்ஷால் சார்ஜிங் துளையையும் ஸ்பீக்கர் துளைகளையும் தட்டிவிடுவது, மூடிபோட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைப்பது, ஈரக்கையோடு கேபிள் செருகாமல் இருப்பது. கடலோரத்தில் டேப்லெட்டின் ஆயுளைக் கூட்டுபவை இவை.

டேப்லெட்டோடு முடிவதில்லை. ரவுட்டரின் அடாப்டர் முனையையும் லேன் கேபிளின் முனையையும் கழற்றிப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் அதுதான் செம்பு அரிப்பு. ஃபைபர் கண்ணாடி அரிக்காது. ஆனால் அதன் கனெக்டரில் அழுக்கு சேர்ந்தாலோ கேபிள் மடங்கினாலோ மோடத்தில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரியும். அது லைன்காரரைக் கூப்பிட வேண்டிய அறிகுறி.

வெயிலும் ஒரு காரணம்

ஐபேடைப் பயன்படுத்த ஆப்பிள் பரிந்துரைக்கும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. வடதமிழகக் கடலோரத்தில் மே மாத மதியம் அந்த அளவைத் தாண்டுவது சகஜம். அதோடு உப்பின் வெள்ளைப்பரப்பு வெயிலைத் திருப்பியடிக்கும். கறுப்பு உறைக்குள் இருக்கும் டேப்லெட் அதைவிடச் சூடாகும். சூடு ஏறினால் சாதனம் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், திரையை மங்கச்செய்யும், ரேடியோவின் பலத்தையும் குறைக்கும். பகல் 12 முதல் 3 வரை மட்டும் பிரச்சினை வருகிறது என்றால், செட்டிங்கை மாற்ற வேண்டாம். நிழலுக்கு மாற்றுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் குளிர்விக்க வேண்டாம், உள்ளே ஈரம் கட்டும். ஹாட்ஸ்பாட் தரும் போனுக்கும் இதே விதிதான்.

எந்த வரிசையில் செய்வது?

1. குறியைப் பாருங்கள், இன்னொரு போனோடு ஒப்பிடுங்கள், இன்னொரு வைஃபையில் சோதியுங்கள்.

2. ரவுட்டர், டேப்லெட் இரண்டையும் அணைத்து, ரவுட்டரை முதலில், டேப்லெட்டைப் பிறகு இயக்குங்கள்.

3. வைஃபையை 'ஃபர்கெட்' செய்து மறுபடி இணையுங்கள். தேதி, நேரம் தானியங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. ஹாட்ஸ்பாட் தானாக அணைவதையும் பேட்டரி சேவரையும் சரிபாருங்கள்.

5. உறையைக் கழற்றுங்கள். ரவுட்டரை உயரமான, உலோகம் இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள். 2.4-ல் சேனலை 1, 6 அல்லது 11-ல் நிறுத்துங்கள்.

6. டேப்லெட், ரவுட்டர் இரண்டிலும் சாஃப்ட்வேர் அப்டேட் இருந்தால் போடுங்கள்.

7. இதற்குப் பிறகும் அறுந்தால் 'நெட்வொர்க் செட்டிங்ஸ்' மட்டும் ரீசெட் செய்யுங்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போகும், படங்களும் கோப்புகளும் போகாது. முழு 'ஃபேக்டரி ரீசெட்' அப்படியல்ல, எல்லாமே அழியும். பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள்.

ஒவ்வொரு படிக்கும் பிறகு அரைநாள் பயன்படுத்திப் பாருங்கள். ஏழையும் ஒரே நேரத்தில் செய்தால், சரியானது எதனால் என்று தெரியாது. அடுத்த முறை வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எச்சரிக்கை வராத டேப்லெட்

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். 2020 நவம்பரில் 'நிவர்' புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் அருகேதான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மரக்காணத்துக்கு மேற்கே இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

இப்படிப்பட்ட நேரத்தில் அரசு அனுப்பும் 'செல் பிராட்காஸ்ட்' எச்சரிக்கை, 2023-ல் நாடு முழுவதும் சோதனை செய்யப்பட்டபோது போன்கள் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். அது வருவது செல்போன் டவர் வழியாக. வைஃபை வழியாக அல்ல. சிம் இல்லாத டேப்லெட்டில், வைஃபை எவ்வளவு அருமையாக இருந்தாலும் அந்த அலறல் கேட்காது. கொட்டகையில் டேப்லெட்டை மட்டும் நம்பி, போனைத் தூரத்தில் சார்ஜில் விட்டுவிட்டு வருவது ஆபத்து.

அதனால் டேப்லெட்டில் வானிலைத் துறையின் 'மௌசம்', மின்னலுக்கு 'தாமினி' ஆகிய ஆப்களை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவையுங்கள். கூடவே, சிம் உள்ள ஒரு சாதாரண போனாவது சத்தத்தோடு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். புயல் நேரத்தில் ரவுட்டருக்கு மின்சாரம் போய்விடும். டவருக்கு பேட்டரி இருக்கும் வரை போன் பேசும்.

வைஃபை போனால் திரும்ப வரும். மழையில் கரைந்த உப்பு வராது. மேகம் கறுக்கும்போது வட்டம் சுத்திக்கொண்டிருந்தால், சரிசெய்ய உட்காராதீர்கள். முதலில் தார்ப்பாயை எடுங்கள்.